“ரேகை விழவில்லை, ஆத்தா”: அரசு வேலையை இயந்திரம் பார்க்கும்போது எழும் கேள்விகள்

என் அப்பத்தாவுக்குக் கைரேகை இல்லை. இருந்தது, தேய்ந்துவிட்டது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அறுபது வருடம் நாற்று நட்டு, களை பறித்து, வாசலில் சாணி மெழுகி, புளி தட்டிய கை அது. போன வருடம் ஒரு நாள் அவரை ரேஷன் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். சிறிய கறுப்புக் கருவியின் கண்ணாடி மேல் பெருவிரலை வைத்தார். ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், மோதிர விரல், பிறகு இடது கை. கடைக்காரர் ஒரு ஈரத்துணியை நீட்டினார். “துடைத்துவிட்டு வை, ஆத்தா.” அப்பத்தா துடைத்தார், சேலைத் தலைப்பால் ஒற்றினார், வாயால் ஊதினார், மறுபடி வைத்தார்.

“ரேகை விழவில்லை, ஆத்தா. சிஸ்டம் எடுக்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு வந்து பார்.”

இருபது வருடமாக அப்பத்தாவுக்குச் சீனியும் பருப்பும் நிறுத்துப் போட்ட மனிதர் அவர். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எதிரே நிற்பது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த ஆளைத் தெரிந்த ஆள் என்று சொல்லும் அதிகாரம்தான் அவரிடம் இல்லை.

அரசு நிர்வாகத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு, அவற்றின் அறச் சிக்கல்கள் என்று பெரிய பெரிய சொற்களில் பேசுகிறார்கள். அந்தக் கடை வாசலில் நின்றால் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியை இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பழைய காலத்துக்கு ஏங்குகிறவன் அல்ல. ஒரு சிட்டா நகலுக்காக என் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தார், யார் யாருக்குக் காபி வாங்கிக் கொடுத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இன்று அதே சிட்டாவை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் எடுக்கிறேன். போலிக் குடும்ப அட்டைகளும் ஒரு காலத்தில் கொஞ்சமில்லை. கணினி வந்ததால் கிடைத்த நன்மையை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

சிக்கல் எங்கே என்றால், ‘கணினி வந்துவிட்டது’ என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. காகிதத்தில் இருந்த பதிவேட்டைத் திரைக்கு மாற்றுவது ஒன்று. சிட்டா அந்த வகை. ஒரு விதியைக் கணினி நிரலாக எழுதி, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று இயந்திரத்தையே முடிவு செய்ய விடுவது இன்னொன்று. பழைய பதிவுகளைக் குவித்துக் கொடுத்து, அவற்றிலிருந்து இயந்திரமே ஒரு போக்கைக் கண்டுபிடித்து, புதிதாக வருகிறவரைப் பற்றி ஊகிக்கச் சொல்வது மூன்றாவது. செயற்கை நுண்ணறிவு என்று இப்போது பேசப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகப் போக வேகம் கூடுகிறது. ‘ஏன் எனக்கு இல்லை?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது குறைகிறது.

விதி நிரலுக்குள் போகும்போது

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15 அன்று, மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம். சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பித்தார்கள். தொடக்கத்தில் சுமார் 1.06 கோடி பேர் தகுதி பெற்றார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கரைத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கக் கூடாது, கார் போன்ற நான்கு சக்கர வாகனம் இருக்கக் கூடாது என்பவை அப்போதைய தகுதி விதிகளில் சில. இத்தனை பேரை வீடு வீடாகப் போய் மட்டும் பார்த்துவிட முடியாது. ஒரு துறையிடம் இருக்கும் பதிவை இன்னொரு துறையின் பதிவோடு பொருத்திப் பார்த்தால்தான் வேலை நடக்கும்.

இப்போது மதுரையின் பழைய தெரு ஒன்றில் இருக்கும் வளவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே நடைபாதை, இரண்டு பக்கமும் ஆறு குடித்தனம், கடைசியில் பொதுக் குழாய், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின் மீட்டர். 3,600 யூனிட் என்றால் மாதத்துக்கு 300. ஆறு வீட்டு விசிறியும் ஆறு வீட்டு மிக்சியும் சேர்ந்து ஓடினால் அந்த மீட்டர் எங்கே போய் நிற்கும்? விதி சரிதான், மீட்டர் கணக்கும் சரிதான். ‘ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம்’ என்று எங்கேயாவது சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தால் அந்த அனுமானம் மட்டும் தப்பு. வாகனமும் அப்படித்தான். நாலு வருடம் முன்பு விற்ற பழைய வேன், பெயர் மாற்றாமல் விட்டுவிட்டால், பதிவேட்டில் இன்னும் விற்றவர் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

நேரில் வரும் கிராம நிர்வாக அலுவலர் நடைபாதையில் ஆறு அடுப்பைப் பார்ப்பார். நிரலுக்கு அடுப்பு தெரியாது.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம், நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் வைத்தார்கள். பெயர் தெரிந்த ஒரு பதவியில், மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் முறையிடும் வழி. இது சின்ன விஷயம் அல்ல. இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னிந்தியாவிலேயே பார்த்தோம். தெலங்கானாவில் கணினிப் பொருத்தத்தை நம்பிப் பெருமளவில் குடும்ப அட்டைகள் ரத்தாயின. ரத்தான சுமார் 19 லட்சம் அட்டைகளையும் நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் சுவாரசியம், இன்னும் வேதனை. 2016 வாக்கில் அங்கே அரசு உதவித்தொகை பெற்றவர்களின் கணக்கைக் கணினியே சரிபார்க்கத் தொடங்கியது. ‘ரோபோடெட்’ என்று ஊர் பெயர் வைத்தது. அதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இரு வாரங்களால் வகுத்து, ஒவ்வோர் இரு வாரமும் அவ்வளவு சம்பாதித்தார் என்று வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அலங்காநல்லூர்ப் பக்கம் ஆறு மாதம் கரும்பு வெட்டிவிட்டு ஆறு மாதம் வேலை இல்லாமல் இருப்பவரைப் பார்த்து, ‘நீ வருடம் முழுவதும் பாதிக் கூலி வாங்கியிருக்கிறாய், வேலை இல்லை என்று வாங்கிய உதவியைத் திருப்பிக் கொடு’ என்பது மாதிரி. லட்சக்கணக்கானோருக்கு இல்லாத கடனுக்குக் கடிதம் போனது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. பல வருடம் முந்தைய சம்பளச் சீட்டை யார் வைத்திருப்பார்கள்? 2023 ஜூலையில் வந்த விசாரணை ஆணைய அறிக்கை, அந்த ஏற்பாடு நியாயமும் இல்லாதது, சட்டப்படியும் செல்லாதது என்று சொன்னது.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்வோரைக் கண்டுபிடிக்கப் போய், டச்சுக் குடியுரிமை இல்லாததையே சந்தேகத்துக்கான அடையாளங்களில் ஒன்றாக வைத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது.

பழைய பதிவேடு கற்றுக்கொடுக்கும் பாடம்

மூன்றாவது வகைக்கு வருவோம். இயந்திரம் ‘கற்றுக்கொள்கிறது’ என்றால் என்ன? காவல் நிலையத்தின் ஐம்பது வருட வழக்குப் பதிவுகளைக் கொடுத்து, எந்தப் பகுதியில் அடுத்த திருட்டு நடக்கும் என்று கேட்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பதிவேட்டில் இருப்பது எங்கே திருட்டு நடந்தது என்பது மட்டும் அல்ல. போலீஸ் எங்கே அதிகம் போனது, யாரை அதிகம் பிடித்தது என்பதும் அதில் இருக்கிறது. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அது பழைய சந்தேகத்தைப் புதிய கணிப்பாக்கித் திருப்பிக் கொடுக்கும். எண்ணாக வருவதால் யாரும் எதிர்த்துக் கேட்கவும் தயங்குவார்கள்.

இதை மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளி என்று எழுதி வைத்தது. பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ குறித்த இடத்திலோ போய் ஆஜராக வேண்டும். பதிவு என்றால் கைரேகை. அதனால்தான் ஊரில் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 ஆனது.

ரேஷன் கடைக் கருவியையும் அந்தச் சட்டத்தையும் ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. அது சந்தேகப்படுவதற்காக எடுத்த ரேகை, இது சீனி கொடுப்பதற்காக எடுக்கும் ரேகை. ஆனால் ரேகைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு காரியத்துக்காக எடுத்த உடல் அடையாளத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்த விடாமல் தடுப்பது எது என்று கேட்பது, இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு வெறும் புத்தகக் கேள்வி அல்ல.

கைரேகைக்கு அடுத்தது முகம். தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. சந்தேக நபரின் படத்தை ஏற்கெனவே இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி அது. காணாமல் போன குழந்தையைக் கண்டுபிடிக்கவும் இத்தகைய கருவி உதவும்; இதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள். வைகைக் கரையில் 10 லட்சம் முகங்களைக் கேமரா பார்க்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். கூட்டத்தில் தேடப்படும் ஜேப்படித் திருடர்கள் 20 பேர். மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது: 20 பேரையும் பிடித்துவிடுகிறது, நல்லவர்களில் ஆயிரத்தில் ஒருவரை மட்டும் தவறாகக் காட்டுகிறது. ‘99.9 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரமே செய்யலாம். ஆனால் 10 லட்சத்தில் ஆயிரத்துக்கு ஒருவர் என்றால் 1,000 பேர். ஆக மொத்தம் மணி அடிப்பது 1,020 முறை, அதில் 20 முறைதான் சரி. துல்லியம் மாறவே இல்லை; கூட்டம் பெரியது, தேடப்படுபவர்கள் சிலர், அவ்வளவுதான். மோர்ப்பந்தலில் நின்றுகொண்டிருந்தவரைத் தோளில் தட்டி ‘கொஞ்சம் வாருங்கள்’ என்றால் அந்த நாள் அவருக்கு என்ன ஆகும் என்பது எந்தச் சதவீதத்திலும் வராது.

அந்தத் தவறும் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் தவறு அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. பயிற்சிக்குக் கொடுத்த படங்களில் யார் முகம் குறைவோ அவர்களிடம்தான் இயந்திரம் தடுமாறுகிறது. பேச்சும் அப்படித்தான். செய்தி வாசிக்கும் தமிழைக் கேட்டு வளர்ந்த ஒரு குரல் சேவையிடம் என் அப்பத்தா “அவுக அங்கிட்டுப் போய்ட்டாக” என்றால் அது என்ன செய்யும் என்று எனக்குப் பார்க்க ஆசைதான்.

இப்படி எடுத்து வைத்த தரவு கசிவதைப் பற்றி ஒரே வரி போதும்: கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகம் திருடு போனால் மாற்ற முடியாது.

கையெழுத்துப் போடுகிறவர்

‘இறுதி முடிவை மனிதர்தான் எடுப்பார், இயந்திரம் யோசனை மட்டும்தான் சொல்லும்’ என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பு வரும் மேசையை நினைத்துப் பாருங்கள். திரையில் சிவப்பில் ‘தகுதி இல்லை’ என்று வந்திருக்கிறது. அதை மீறித் ‘தகுதி உண்டு’ என்று எழுதினால், பிறகு தணிக்கையில் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். திரை சொன்னபடியே கையெழுத்துப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களானால் எதைச் செய்வீர்கள்? மீறும் அதிகாரமும், மீறியதற்காகத் தண்டிக்கப்பட மாட்டோம் என்ற தைரியமும் சேர்ந்து இல்லாவிட்டால், அந்த மனிதர் கையெழுத்துப் போடும் இன்னொரு கருவிதான். மென்பொருள் எழுதிய நிறுவனத்திடம் போனால் அது வணிக ரகசியம் என்பார்கள். கடைக்காரர் சிஸ்டத்தைக் காட்டுவார், அலுவலகம் சென்னையைக் காட்டும், சென்னை நிறுவனத்தைக் காட்டும்.

பதில் சொல்ல ஆள் இல்லாத இந்த நிலைக்குப் பின்னால்தான், என் பார்வையில், மற்ற எல்லா அறச் சிக்கல்களும் வருகின்றன. குமாஸ்தாவும் அந்தக் காலத்தில் தவறு செய்தார். ஆனால் அவர் மேல் மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்கலாம். ஒன்றும் இல்லாவிட்டால் டீக்கடையில் நிறுத்திச் சண்டையாவது போடலாம். இயந்திரத்தின் தவறோ ஒரே நேரத்தில் ஆயிரம் ஊரில் நடக்கிறது, அதன் மேல் மனு எழுத ‘பெறுநர்’ இல்லை. தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேல் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. நூற்றில் ஒன்றுதான் தவறும் என்றாலும் 2 லட்சம் குடும்பம். மதுரை உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் இருக்கிறது, உண்மைதான். ஒரு கிலோ சீனிக்காக அங்கே யார் வழக்குப் போடுவார்கள்?

சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், எடுப்பது தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதில் அரசு தனக்கென்று அகலமான கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டது: மானியம், சலுகை கொடுப்பதற்காகத் தரவைக் கையாள ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசு விலக்குக் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2020-லேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஒரு மென்பொருளைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் முன் அது பாரபட்சம் காட்டுகிறதா, அந்தரங்கத்தைக் காக்கிறதா, தணிக்கை செய்ய முடிகிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொல்கிறது அது. நல்ல கொள்கை. அந்த மதிப்பெண்களை ரேஷன் கடைச் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

சாதாரண மனிதர் கையில் இன்றைக்கு இருக்கும் ஆயுதம் பழையதுதான். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. அரசு அலுவலகம் எடுத்த நிர்வாக முடிவுக்கான காரணத்தை, அதனால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது. முடிவைச் சொன்னது மனிதரா, இயந்திரமா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. பழைய வேனை விற்றவர் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ‘என்னை ஏன் நிராகரித்தீர்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘எந்த விதியின்படி, எந்தத் துறையின் பதிவைப் பார்த்து, எந்தத் தேதிப் பதிவு, வாகனம் என்றால் அதன் பதிவு எண் என்ன’ என்று கேட்க வேண்டும். பதில் தர அவர்களுக்கு 30 நாள். பதிவு எண் கையில் வந்துவிட்டால் பிறகு வேலை போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு பெயர் மாற்றத்தோடு முடியக்கூடும்.

அப்பத்தா விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கடைக்கு வர முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார், நான் நிரப்பினேன். இப்போது சித்தப்பா மகள் போய் வாங்கி வருகிறாள். படிவத்தின் அடியில் அப்பத்தா கையெழுத்துப் போட வேண்டிய இடம் இருந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. கடைக்காரர் மேசையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினார். அப்பத்தா அதே பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். வரியே இல்லாத ஒரு நீலப் பொட்டு விழுந்தது. அலுவலகத்தில் அதை ஏற்றுக்கொண்டார்கள்.